இரண்டு முறை பிடித்த ஈரம்

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மின் தராசுகளுக்கு மென்பொருள் எழுதுகிற ஹட்டன் கம்பனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். அங்கே எல்லாரும் சேர் என்று கூப்பிடுகிற எங்கள் குழுத் தலைவரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

விஷயம் சின்னதுதான். ஒரு ஃபங்ஷன் இன்னது செய்யும் என்ற அறிவிப்பு ஒரு கோப்பில் இருக்கும்; அதைச் செய்கிற வரிகள் வேறொரு கோப்பில். இரண்டுக்கும் மேலே கமெண்ட் எழுதிவைப்போம். மற்றவர்கள் அறிவிப்பை மட்டும் படித்துவிட்டுத்தான் அதைப் பயன்படுத்துவார்கள். எடை பார்க்கும் ஃபங்ஷனின் அறிவிப்பில், ஈரத்துக்கான கழிவு இதில் சேரவில்லை என்று இருந்தது. சேர் ஒருநாள் கழிவை உள்ளேயே சேர்த்தார், அந்தக் கோப்பில் கமெண்டையும் மாற்றினார். அறிவிப்பை அப்படியே விட்டுவிட்டார். அதை நம்பி என் நிரலில் நானும் இன்னொரு முறை கழித்தேன்.

மழை நாளில் நனைந்த கொழுந்துக்கு எடையில் கொஞ்சம் பிடிப்பது தோட்டத்து வழக்கம். அதையே இரண்டு தடவை பிடித்தால் யார் பொறுப்பார்கள்? அதுவும் என் அம்மா கொழுந்தெடுக்கும் தோட்டத்திலேயே நடந்தது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் அத்தனை பேர் முன்னால் ஒருத்தி கேட்டாளாம்: "எங்க கொழுந்தத் திருடத்தான் மகளப் படிக்க வச்சீங்களா அக்கா?"

ஆபீஸில் சேர் வாய் கூசாமல் சொன்னார்: "புதுப் புள்ள, சரியாப் பாக்காம எழுதிட்டா." இரண்டு கோப்புகளையும் விரித்துக் காட்டினேன். கோட் தெரியாத முதலாளி சேர் பக்கமே தலையாட்டினார். நான் எழுதிய கழித்தலை மட்டும் எடுக்கச் சொன்னார்கள். அறிவிப்பைத் தொடக்கூடாது என்று சேர் உத்தரவு போட்டார். தொட்டால் அவர் குட்டு வெளிப்பட்டுவிடுமே.

காத்திருந்தேன். பிறகு, ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு கோப்பில் இரண்டு விதமான கமெண்ட் இருந்தால் புதிய பதிப்பை வெளியே விடாத ஒரு சோதனை நிரலை எழுதினேன். கடைசியாக மாற்றியவர்தான் திருத்த வேண்டும். முதலாளிக்குப் பிடித்துப்போனது. சேரும் பாராட்டினார், மனுஷன் தான் அறிவிப்பைத் திருத்தாமல் விட்டதை மறந்தே போயிருந்தார். நான் ஏன் நினைவூட்ட வேண்டும்? அம்மாவின் தோட்டத்தில் அடுத்த பதிப்பை ஏற்றும் அன்றே ஆரம்பிக்கலாம் என்றேன்.

அன்றைக்கு நல்ல தூறல். மடுவத்தில் பெண்கள் கொழுந்துச் சாக்கோடு நின்றார்கள். அம்மா கடைசியில், யாரோடும் ஒட்டாமல் நின்றார். சேர் மடிக்கணினியைத் தட்டினார். பதிப்பு போகவில்லை. திரும்பத் தட்டினார். பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இந்தச் சோதனைய இன்னிக்கு மட்டும் நிப்பாட்டி வைங்க."

"முடியாது சேர். அறிவிப்பத் திருத்துங்க, போகும்."

அவர் கெஞ்சுவதைப் பார்க்க எனக்கு இனித்தது. எங்களோடு வந்திருந்த முதலாளி திரையைப் பார்த்தார். முரண்பட்ட இரண்டு கமெண்டும், கடைசியாக மாற்றியவர் என்று சேரின் பெயரும் அதில் இருந்தன. ஈரக் கழிவு என்ற சொல் அவருக்கும் புரிந்தது.

"அப்ப அன்னிக்கு ரெண்டு தடவ கழிஞ்சது யாரு பிழை?"

சேர் குனிந்துகொண்டு முணுமுணுத்தார். "என்னோடதுதான்."

"சத்தமாச் சொல்லுங்க சேர்," என்றேன். "அம்மா கடைசியில நிக்கிறாங்க, அவங்களுக்குக் கேக்கல."