சுமை இல்லாத நடை

பலகைதான் சாய்ந்தது என்று முதலில் நினைத்தேன். மட்டாஞ்சேரியில் வள்ளத்திலிருந்து அரிசி மூட்டைகளைப் பண்டகசாலைக்குச் சுமக்கும் வேலை எனக்கு. வள்ளத்துக்கும் கரைக்கும் நடுவே போட்ட பலகையில் மூட்டையோடு கரையேறிவிட்டேன். இறக்கிவிட்டுத் திரும்பும்போது பலகையிலிருந்து காயல் நீரில் விழுந்தேன்.

"காலையிலேயே கள்ளா, முருகா?" என்றார் கூடச் சுமக்கும் அந்தோணி சேட்டன். எல்லோரும் சிரித்தார்கள். நான் கள்ளைத் தொட்டதே இல்லை. அதைச் சொல்லவும் கூச்சம்.

காய்ச்சல் விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. அதில் உட்செவி (உடலைச் சாயாமல் நிறுத்தும், காதின் உள்பகுதி) கெட்டுப்போயிருப்பதாக டாக்டர் சொன்னார். தலையைத் திருப்பித் திருப்பி நடக்கச் சொன்னார்.

திருப்பினால் குமட்டியது. அதனால் வீட்டில் அரிசிச் சாக்கைத் தலையில் வைத்து நடந்தேன். தள்ளாட்டமே இல்லை. குணமாகிவிட்டது என்று வேலைக்குப் போனேன். மூட்டையை இறக்கித் திரும்புகையில் மறுபடி விழுந்தேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

"வெறுந்தலையோட இந்தப் பலகையில போய்வந்து காட்டு. அதுவரைக்கும் வேலை இல்ல" என்றார் எங்கள் சுமைக்கூட்டத்துத் தலைவர் மூப்பன்.

டாக்டரிடம் சாக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"சுமை இருந்தா கழுத்து அசையாது, அதான் விழல. தலை அசையும்போ நிக்கப் பழகணும். கண்ணும் பாதமும் காதோட வேலையைக் கொஞ்சம் எடுத்துக்கும். குமட்டும், பயப்படாதே."

மடித்த சாக்கின் மேல் வெறுங்காலோடு நின்றேன். மெத்தென்ற இடத்தில் பாதம் தரையைத் தேடும். பிறகு கண்ணை மூடி நின்றேன். மனைவி செல்வி தொடாமல் பக்கத்தில் நிற்பாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டே நடை; செல்வி கேட்பாள்.

"இந்தப் பக்கம் என்ன?"

"குடம்."

"அந்தப் பக்கம்?"

"நீ."

"அத நிக்காம சொல்லுங்க."

பல நாள் வாந்திதான் மிச்சம். இதே நோய் வந்தால் உங்களுக்கும் அப்படி இருக்கலாம். விட்டுவிடாதீர்கள். பிடிக்க ஒருவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்காலம் ஓய்ந்தபின் வெறுந்தலையோடு பலகையில் ஏறினேன். பாதி வழியில் பின்னாலிருந்து, "முருகா!" என்று கூப்பிட்டார் சேட்டன். வேண்டுமென்றேதான். திரும்பிப் பார்த்தேன். காயல் ஆடியது, நான் நின்றேன்.

"என்ன சேட்டா, கள்ளு வாங்கித் தரவா?" என்றேன். அவ்வளவு பேர் முன்னால் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

மறுபடி மூட்டை சுமக்கிறேன். ஆனால் இருட்டில் இன்றும் சுவரைத் தொட்டுத்தான் நடக்கிறேன். வீடு திரும்பப் பயணிகள் போட்டுக்குக் காத்து நிற்கும்போது உடல் இம்மியளவு சாய்வதும், பாதம் அதை மீட்பதும் தெரிகிறது. முன்பும் அது நடந்துகொண்டுதான் இருந்திருக்கும். போட் தாமதமானால் அதைக் கவனித்தபடி நிற்பேன்; இப்போது எனக்கு அலுப்பில்லை.