அக்கா பழுதாக்கிய மோட்டார் சைக்கிள்

மோட்டார் சைக்கிளில் தனியாகப் பினாங்குப் பக்கம் போய்வரப் போகிறேன் என்று நான் சொன்னபோது அக்கா கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நடுவழியில நின்னா?"

"நிக்காது."

"நின்னா?"

"நான் பாத்துக்குவேன்."

"எதைப் பாத்துக்குவே? நின்னுபோன மோட்டரையா?"

வாசல் பக்கமிருந்து அத்தான் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நாள் முழுக்கப் பிறருடன் பேசிவிட்டு வருவதால் வீட்டில் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்கா முழுவதும் பேச்சாக இருந்த நேரம். எங்கள் வீடு காஜா பெராங்கில், செட்டிக் கம்போங்கை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. நான் பண்டார் ஹிலிரில் ஒரு வக்கீலிடம் தட்டச்சராக இருந்தேன். நாடு நமக்கு வரப்போகிறது, அதில் செரம்பானைத் தாண்டி எதையுமே பார்த்ததில்லையே என்று திடீரென்று ஒரு தவிப்பு. அந்தச் சமயம் பார்த்து, ஊருக்குத் திரும்பும் வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவன் தன் பழைய மோட்டார் சைக்கிளைச் சல்லிசாகத் தள்ளிவிட்டுப் போனான். ராணுவப் பச்சை அடித்த கனமான வண்டி. எழுப்பினால் சந்திலுள்ள கோழிகள் எல்லாம் எழுந்துவிடும்.

அப்பா அம்மா போன பிறகு, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்தவள் அக்கா. அவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் வண்டியை விற்றிருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"சரி. நான் இதைக் கெடுப்பேன். நீ சரி பண்ணணும். என்ன கெடுத்தேன்னு சொல்ல மாட்டேன். நீயா கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டா தாராளமா போ."

நான் ஒப்புக்கொண்டேன். மோட்டாரைப் பற்றி அக்காவுக்கு என்ன தெரியும் என்ற நினைப்புதான்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பி வண்டியை உதைத்தேன். உயிரில்லை. மறுபடி உதைத்தேன். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுச் செட்டி அம்மாள் மலாய்க்காரிகள் உடுத்தும் சாரோங் கெபாயாவுடன் வேலியோரம் வந்து நின்றாள். அவளை நாங்கள் அத்தை என்ற அர்த்தத்தில் பீபிக் என்று கூப்பிடுவோம். சாமிக்குத் தமிழ்ப் பெயர் வைத்துக் கும்பிடுவாள். அந்தச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்துவிட்ட தமிழர்கள், பேச்சு மட்டும் அவர்களுடைய மலாய்தான். தமிழில் அவளுக்கு வந்தது ஒன்றிரண்டு வார்த்தை. அதில் ஒன்றை அன்று எனக்காகச் செலவழித்தாள்.

"பாவம்," என்றாள்.

கடைசியில் கண்டுபிடித்தேன். பெட்ரோல் குழாயின் திருகு மூடியிருந்தது. அக்கா ஜன்னலில் நின்று வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். வேலைக்குத் தாமதமாகப் போனேன். வக்கீலின் முக்கியமான பத்திரம் ஒன்றின் ஓரத்தில் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது. "கட்சிக்காரர்தான் ரேகை வைக்கணும், தட்டச்சர் இல்லை," என்றார் அவர்.

அதற்குப் பிறகு வண்டி எந்தக் காலையிலும் ஒழுங்காகக் கிளம்பியதாக நினைவில்லை. ஒரு நாள் பிளக்கின் கம்பி கழன்றிருந்தது. இன்னொரு நாள் புகைக்குழாய்க்குள் தேங்காய்நார் திணித்திருந்தது. உதைத்ததும் வண்டி ஒரு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. ஒரு நாள் டயரில் காற்றே இல்லை. அது என்ன பெரிய வித்தை, எவரும் செய்யலாமே என்று சண்டைக்குப் போனேன்.

"ரோட்டுல ஆணி குத்துறதுகூட வித்தை இல்லடா. போய் பம்ப எடு," என்றாள்.

பீபிக்கும் இதில் சேர்ந்துவிட்டாள். வேலியின் இந்தப்பக்கம் அக்கா மலாயில் ஏதோ சொல்வாள், அந்தப்பக்கம் பீபிக் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இருவரும் கோயிலுக்குப் போகிறபோதுகூட வண்டியைப் பற்றித்தான் பேசிக்கொண்டு போகிறார்கள் என்று அத்தான் வந்து சொன்னார். யார் கட்சி என்று அவரைக் கேட்டேன். "நான் கண்டக்டர். ஏறுறவங்க எல்லாருக்கும் டிக்கெட் கொடுப்பேன்," என்றார்.

ஆனாலும் நான் தேறிக்கொண்டு வந்தேன். ஸ்பேனர் கையில் நின்றது. சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று ஓரளவு சொல்ல முடிந்தது. மாலைகளில் எதையாவது கழற்றித் துடைத்துப் பூட்டுவேன். அக்கா பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், புளியைக் கரைப்பாள், சும்மா இருக்கிறவள் மாதிரி இருப்பாள்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. உதைத்தேன், கிளம்பவில்லை. பெட்ரோல் வருகிறது. கம்பி சரியாக இருக்கிறது. புகைக்குழாயில் விரலை விட்டுப் பார்த்தேன். பிளக்கை மாற்றினேன். மதியமாகிவிட்டது. அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள், போகவில்லை. சாயங்காலம் வாய்விட்டுக் கெஞ்சினேன்.

"அக்கா, நிஜமாவே ஏதோ போயிடுச்சு. நீ பண்ணினது இல்ல இது."

"நான் பண்ணினதுதான்."

அவள் வந்து உட்கார்ந்தாள். என் திருப்புளியை வாங்கி மேக்னெட்டோவின் மூடியைக் கழற்றினாள். அதற்குள் இரண்டு சின்ன முனைகள் தொட்டுத் தொட்டுப் பிரியும். பிளக்குக்குப் போகும் நெருப்பு அங்கேதான் பிறக்கிறது. அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்து நகத்தால் ஒரு காகிதத் துண்டை உருவி எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினாள். பலகாரம் சுற்றி வந்த காகிதம், எண்ணெய் வாசனைகூடப் போகவில்லை.

"இது எப்படி உனக்குத் தெரியும்?"

"போன வாரம் நீதானே இதுக்குள்ள பேப்பரை விட்டுத் தேய்ச்சே. எடுக்க மறந்துட்டு அரை மணி நேரம் உதைச்சே. நான் வெங்காயம் உரிச்சேன்னா நெனைச்சே?"

எனக்குக் கோபம் வந்தது. அது போய்ச் சிரிப்பு வந்தது. அதற்குள் அவள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். வண்டியின் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

தோட்டத்தில் இருந்தபோது அவள் சைக்கிள் ஓட்டியவள். ஆனால் இது சைக்கிளா? சேலையை என்ன செய்வது என்று கேட்டேன். அதற்கும் யோசித்து வைத்திருந்தாள்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை, அத்தான் மதிய வேலைக்குப் போகுமுன் குளிக்கப் போனார். அவரிடம் இரண்டு காக்கிக் கால்சட்டைகள்தான். ஒன்று துவைத்துக் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. தேய்த்து மாட்டியிருந்த மற்றொன்றைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, மேலே என் பழைய சட்டையுடன் அக்கா வந்து நின்றாள். பீபிக் வேலியை விட்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "பெரானி!" என்றாள். துணிச்சல்காரி என்று அர்த்தம்.

நான் வண்டியை எழுப்பிக் கொடுத்தேன். கிளட்சைப் பற்றி ஆரம்பித்தேன். "தெரியும், விடு," என்றாள். சந்துமுனை வரை போய்த் திரும்பு என்றேன். தலையை ஆட்டினாள். வண்டி ஒரு குதி குதித்தது, நிதானமானது, போனது. நானும் பீபிக்கும் கை தட்டினோம்.

சந்துமுனை வந்தது. அக்கா திரும்பவில்லை. நேரே பெரிய சாலையில் ஏறி, கண்ணிலிருந்து மறைந்துபோனாள்.

நான் ஓடினேன். பின்னால் பீபிக் சாரோங்கைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். சாலையில் யாருமில்லை, தூரத்தில் அந்தச் சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போனது. திரும்பி வந்தால் அத்தான் கைலியோடு வாசலில் நிற்கிறார், தலையிலிருந்து தண்ணீர் வடிகிறது.

"உங்க அக்கா எங்க?"

"மோட்டர்ல போயிட்டா அத்தான்."

"என் காக்கி சிலுவார் எங்க?"

"அதுவும் போயிடுச்சு."

அவர் உள்ளே போனார். தோளில் டிக்கெட் பையை மாட்டிக்கொண்டார், தலையைச் சீவித் தொப்பியை வைத்தார், கைலியோடு வாசலில் உட்கார்ந்தார். பஸ் புறப்படும் நேரம் நெருங்கியது. கொடியில் கிடந்த ஈரக் கால்சட்டையைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தார். நான் சந்துமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். எங்கே விழுந்து கிடக்கிறாளோ, யாரிடம் போய்ச் சொல்வது, எல்லாம் என்னால்தான் என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. பீபிக் தன் வீட்டு சாமி அறைக்குப் போய் விளக்கேற்றிவிட்டு வந்தாள்.

சத்தம் முதலில் அத்தானுக்குத்தான் கேட்டது. எழுந்து நின்றார். அக்கா சந்துக்குள் மெதுவாக வந்தாள். தலைமுடி அவிழ்ந்து பறந்தது, முகமெல்லாம் செம்மண். வாசலில் வந்து நிறுத்தத் தெரியாமல் கொய்யா மரத்தில் மெல்ல முட்டி நின்றாள்.

"எங்கடி போனே?" என்றார் அத்தான். அவர் குரல் உடைந்திருந்ததை அன்றுதான் கேட்டேன்.

"குருபோங் வரைக்கும்."

"குருபோங்கா! அஞ்சாறு மைலு இருக்குமே!"

"முனையில திரும்பினா நின்னுடும்னு தோணுச்சு. நின்னா என்னால உதைக்க முடியாது. அதனால போய்க்கிட்டே இருந்தேன். அங்க ஒரு திடல் இருந்துச்சு, அதைப் பெரிசா ஒரு சுத்து சுத்திட்டு வந்தேன்." மூச்சு வாங்கினாள். "முதல்ல பயமாத்தான் இருந்துச்சு. அப்புறம் பயம் போயிடுச்சு. அப்புறம் திரும்பி வரவே மனசில்லீங்க."

அத்தான் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, "அந்த சிலுவாரக் கழட்டிக் கொடு, பஸ்ஸு போயிடும்," என்றார். முழங்காலில் எண்ணெய்க் கறையோடு அதே கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, வேலி தாண்டி ஓடினார். அன்று மாலை வரை பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் தன் மனைவி குருபோங் போய்வந்த கதையைச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. கறையை அவர் துவைக்கவே விடவில்லை.

அன்றைக்குச் சோறு போடும்போது அக்கா சொன்னாள்: "நீ போயிட்டு வா. இனிமே கெடுக்க மாட்டேன்."

"பரீட்சையில நான் தோத்துட்டேனே."

"தோத்தா என்ன. நானும் எங்கயும் போனதில்லடா. ஒருத்தராவது போகணும்."

மெர்டேக்கா முடிந்து சில நாட்களில், பொது விடுமுறையோடு என் விடுப்பையும் சேர்த்துக்கொண்டு கிளம்பினேன். சந்தே திரண்டு வந்திருந்தது. அத்தான் வண்டியின் முன் விளக்கில் விபூதி பூசினார். பீபிக் என் நெற்றியையும் விடவில்லை. வண்டி முதல் உதையிலேயே எழுந்தது. எழுந்ததும் அக்கா ஒரு பெரிய துணி மூட்டையைப் பின்னால் வைத்துக் கட்டினாள். புளிச்சோறு, வறுத்த மீன், அவித்த முட்டை, ஒரு டப்பா நிறைய முறுக்கு.

"வடக்கே சில இடத்துல ரோட்டுல சோறு கொண்டு போகக் கூடாதும்மா. காட்டுல இருக்கிறவனுக்குக் கொடுக்கப் போறான்னு போலீஸ் புடிச்சிடுவான்," என்றார் அத்தான். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் இன்னும் முடிந்திருக்கவில்லை. மலாக்காவில் நாங்கள் அதைக் கொஞ்சம் மறந்திருந்தோம்.

"பசிக்குதுன்னு சொன்னா விடுவாங்க," என்றாள் அக்கா.

விடவில்லை. செரம்பானைத் தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் இரண்டு மலாய்ப் போலீஸ்காரர்கள் என்னை ஓரங்கட்டினார்கள். மூட்டையை அவிழ்த்ததும் புளிச்சோற்று வாசனை சாவடி முழுக்கப் பரவியது. தனியாகவா போகிறாய் என்றார்கள். ஆமாம் என்றேன். யாரைப் பார்க்க? யாரையும் இல்லை. பின்னே எதற்கு இவ்வளவு சோறு? அக்கா கொடுத்தது என்றேன். மூத்தவர் பெருமூச்சு விட்டார். அவருக்கும் ஓர் அக்கா இருந்திருக்க வேண்டும்.

இதற்கு மேல் ஒரு பருக்கை போகக் கூடாது, இங்கேயே சாப்பிட்டு முடி, இல்லாவிட்டால் கொட்டிவிட்டுப் போ என்றார். அக்கா சமைத்ததைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. மரநிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பாதியில் மூச்சு முட்டியது. அவர்களைப் பார்த்தேன், அவர்கள் மீனைப் பார்த்தார்கள். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை என்று இளையவர் சொன்னார். மூவருமாகச் சேர்ந்து முறுக்குத் தூள் வரை முடித்தோம். மலாக்காவில் மெர்டேக்கா எப்படி இருந்தது என்று மூத்தவர் கேட்டார், சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கண் சொருகியது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. யாரோ என் வண்டியை நிழலுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். கோலாலம்பூருக்கு விளக்கு வைக்கும் நேரத்துக்குப் போய்விடலாம், நேரே போ, எங்கேயும் நிற்காதே என்று சொல்லி அவர்கள் தடுப்புக் கட்டையை உயர்த்தினார்கள். வயிறு முன்னால் டாங்கியில் இடிக்க, நான் வடக்கே கிளம்பினேன்.