கடைசியில் ஆட வேண்டிய பாகம்

பரளச்சியில் பிறந்து அருப்புக்கோட்டையில் வாழ்க்கைப்பட்டவள் ராமலட்சுமி. 1998-ல் அந்த டவுனில் டி.வி. கேம் கடையைத் தனியாக நடத்திய பெண். கடை, கணவன் உதயகுமார் வைத்தது. புதுக் கேம் வாங்க மதுரைக்கு பஸ் ஏறியவன் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை.

மாமியார் பொன்னுத்தாய் அமாவாசைக்கு நாள் குறித்துவிட்டாள். வைக்கோலில் உருவம் செய்து, அதையே மகனாக நினைத்துக் கொள்ளி வைத்துக் கருமாதி முடித்துவிட ஏற்பாடு.

"அப்ப நான் பொட்டை அழிக்கணுமா அத்தை?"

"அலையுற உசுரு அடங்கணும்ல தாயி!" மகனைப் பெற்ற பொன்னுத்தாய் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.

உதயகுமார் உயிராய் ஆடிய கேம் ஒன்று, மூன்று பாகம். முதலாவதில், பனிமூட்டத்தில் தொலைந்த கணவனை மனைவி தேடுகிறாள். இரண்டாவதில் அவன் பிணத்தைக் காண்கிறாள். கடைசியாக வந்த மூன்றாவது, அவன் வீட்டைவிட்டுப் புறப்பட்ட நாளுக்கே திரும்புகிறது. அமாவாசைக்குள் மூன்றையும் ஆடிவிட வேண்டுமென்று ராமலட்சுமிக்கு ஒரு வெறி.

"கதைப்படி மூணு, ஒண்ணு, ரெண்டுன்னு ஆடுங்க மதினி. அப்பத்தான் புரியும்," என்றான் கணவனின் கூட்டாளி அசோக்.

"பொணத்துலயா போயி முடியணும்? வந்த வரிசையிலயே ஆடுறேன். கடைசியில அவுக வீட்ல இருக்கட்டும்."

அமாவாசைக் காலை. மூன்றாம் பாகம் முடியும் இடம். வாசல் தாண்டிய கணவன், மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வருகிறான்.

ராமலட்சுமியின் விரல் பட்டனிலேயே நின்றுவிட்டது. மதுரைக்குப் புறப்பட்ட அன்றைக்கு உதயகுமாரும் பர்சை மறந்து திரும்பி வந்தானே! புறப்பட்டவர் திரும்பி வந்தால், உட்காரவைத்து ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துத்தானே அனுப்புவார்கள்? பாவி, அவள் கொடுக்கவில்லையே!

"அவன்கூட வாசலுக்கு நடங்க மதினி, ஆட்டம் முடிஞ்சிரும்," என்றான் பக்கத்திலிருந்த அசோக்.

அவள் கேட்கவில்லை. திரையிலிருந்த மனைவியை அடுப்படிக்குத் திருப்பி, தண்ணீரோடு கொண்டுவந்து நிறுத்தினாள்.

திரையில் அவன் வாங்கிக் குடித்தான். முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்தான். எழவே இல்லை.

"இப்படி ஒரு காட்சியே இதுல கெடையாதே..." அசோக் எழுந்து திரைக்கு முன்னால் வந்தான்.

வைக்கோலோடு வந்த ஆட்களை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்த பொன்னுத்தாய், திரையருகே குனிந்தாள்.

"ஏத்தா... சின்னதுல சூடுபட்ட தழும்பு. எம்புள்ள பிடரில்ல இது?"

அசோக் அண்ணாந்து பார்த்தான். மின்விசிறி நின்றிருந்தது. எதிரே மாவு மில்லிலும் சத்தமில்லை. எப்போதோ கரண்டு போயிருந்தது.

அவன் வாய் திறப்பதற்குள் பொன்னுத்தாய் வாசலைப் பார்த்துக் கத்தினாள்: "ஏலே, வைக்கோலைக் கொண்டுபோயி மாட்டுக்குப் போடுங்கலே! எம்மகன் வீட்ல உக்காந்திருக்கான்."