பதினேழாவது மாலை

நாற்பதுகளின் கடைசியில் நான் போலீஸ் இலாகாவில் சுருக்கெழுத்தாளனாக இருந்தேன். பொதுக்கூட்டங்களில் மேடைக்குக் கீழே ஒரு மேசை போட்டுத் தருவார்கள். பேச்சை மட்டும் எழுதினால் போதும். நான் மேடையில் விழும் பூமாலைகளையும் எண்ணி எழுதினேன். எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. இன்றும் மாத்திரையை மூன்று முறை எண்ணித்தான் விழுங்குகிறேன்.

அந்தத் தலைவர் பேசினால் மயிலாப்பூரில் டிராமை விட்டு இறங்கி நின்று கேட்பார்கள். எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அவரை விட்டு விலகப்போவதாகச் சொன்ன தொண்டர் ஒருவர் சாந்தோம் கடற்கரையில் செத்துக் கிடந்தார். இரண்டு மாதம் கழித்து, அதேபோல் முரண்டு பிடித்த இன்னொருவர் அடையாற்றங்கரையில் கிடந்தார். முந்தின நாள் மாலை நாலு மணிக்கே கொல்லப்பட்டவர் என்றார் டாக்டர். அதே நாள் மாலை ஆறு மணிக்குத்தான் தியாகராய நகரில் தலைவரின் கூட்டம்.

வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் என்னை நோட்டுப் புத்தகத்தோடு வரச்சொன்னார்.

"இன்னாய்யா இது, ஓரத்துல கோடு கோடா கீது?"

"மாலைக் கணக்கு சார்."

மாலை போடுகிறவர்களைப் பட்டியல் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஆள் வராவிட்டால் தலைவர் லேசில் விடமாட்டார். "எங்கய்யா, மாலை வாங்கப் போனவரு தோட்டத்துலயே தூங்கிட்டாரா?" என்று கேட்டுக் காத்திருப்பார். எத்தனை விநாடி என்பதையும் நான் ஓரத்தில் குறிப்பேன். தியாகராய நகரில் அன்று நாலு பேர் வரவில்லை. மூன்று பேருக்காகக் காத்திருந்தார்: இருபது விநாடி, முப்பத்தைந்து, பதினைந்து. பதினேழாவதாகக் கூப்பிட்டது செத்தவரின் பெயர். அவர் செத்தது அப்போது வெளியே தெரியாததால் பட்டியலில் பெயர் அப்படியே இருந்தது. தலைவர் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்த ஆளுக்குக் கை காட்டினார். நான் பூஜ்யம் என்று குறித்திருந்தேன்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பூஜ்யத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு, "அவன் வரமாட்டான்னு தெரிஞ்சிகினுதான் மேடையில நின்னுக்கினு இருந்திருக்காரு. எழுதிக் கையெழுத்துப் போடுவியா?" என்றார்.

இது ஒன்றுதான் அவர் கையில் இருந்த சாட்சியம். எழுதினால் மூன்றாவது ஆள் நானாகலாம். எழுதாவிட்டால் இரண்டு பேர் செத்தது அப்படியே போய்விடும். இரண்டு பக்கம் எழுதி, இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அறையில் நாங்கள் இருவர்தான். கதவு சாத்தியிருந்தது. காகிதத்தை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கோப்பில் ஏன் வைக்கவில்லை என்று படியிறங்கும்போதுதான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு மயிலாப்பூரில் கூட்டம். முதல் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆள் வரவில்லை. தலைவர் ஒலிபெருக்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"அவசரப்படாதீங்க. கீழே ஒருத்தர் உட்கார்ந்து, நான் எத்தனை விநாடி நிக்கிறேன்னு எழுதுறாரு. பாவம், அவர் கணக்கு தப்பக்கூடாது."

குனிந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அழகான சிரிப்பு. முழுதாக ஒரு நிமிஷம் காத்திருந்தார்.

கூட்டம் சிரித்தது. 'சிரிப்பு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன். பின்வரிசையில் சாதாரண உடுப்பில் நின்ற இன்ஸ்பெக்டரும் சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் பத்திரப்பதிவு இலாகாவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில், கண்பார்வை குறைவு என்று போட்டேன்.