அம்மாவின் சிவப்புச் சுளகு

நிலாவெளியில், கரைவலை இழுக்கும் குடும்பமொன்றில் ஐந்து அண்ணன்மாருக்குப் பின் பிறந்தவர் எங்கள் அம்மா. அதட்டிப் பேசாவிட்டால் அந்த வீட்டில் அவருக்கு மீன் துண்டு மிஞ்சியிராது. அப்பாவைக் கைப்பிடித்துப் பாலையூற்றுக்கு வந்தார். போரையும் இடப்பெயர்வையும் கண்டார். அப்பா காலமான பின் அப்பம் சுட்டு விற்று எங்கள் மூவரையும் ஆளாக்கினார். சைக்கிள்கூட ஓடத் தெரியாத அவர், ஒரு சந்தியையே ஆண்டார் என்பதில் கடைக்குட்டியான எனக்குப் பெருமை.

எங்கள் வீட்டின் முன்னால் பள்ளிக்கூடச் சந்தி. அப்போது அங்கே பிள்ளைகள் றோட்டைக் கடக்க ஒரு மஞ்சள் கடவைகூட இல்லை. ஒருநாள் காலை, பக்கத்து வீட்டுப் பிள்ளையை மோட்டார் சைக்கிள் இடித்துக் கால் முறிந்தது. தூக்கிக்கொண்டு ஓடியவர் அம்மாதான். "இனி இந்தச் சந்தியில ஒரு பிள்ளையும் விழக்கூடாது" என்றார். மறுநாளே, வாசல் படலைக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்றைச் சுளகில் பூசிக்கொண்டு நடுறோட்டில் இறங்கிவிட்டார். அரிசி புடைக்கும் சுளகைக் கண்டு பஸ் நின்றது. எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது.

போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, "அம்மா, இது உங்கட வேலை இல்லை" என்றார்.

"ஓம் தம்பி, என்ர வேலை இல்லைதான். நீங்கள் வந்து நில்லுங்கோ, நான் போய்ச் சோறு வடிக்கிறன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு காலைதோறும் பொலிஸ் வந்தது, மஞ்சள் கடவை வந்தது, கடைசியில் சமிக்ஞை விளக்கும் வந்தது. விளக்கு எரிந்த முதல் நாள், அம்மா வாசலில் கதிரை போட்டிருந்து பார்த்தார். "வடிவாய்த்தான் வேலை செய்யுது. ஆனா, ஏசத் தெரியாது" என்பது அவருடைய தீர்ப்பு.

மின்வெட்டுக் காலத்தில் விளக்கு அணைந்ததும், அடுப்பை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து சுளகோடு வெளிக்கிடுவார். முதலில் மறிபடுபவர் சந்தியில் ஓட்டோ ஓடும் தம்பிதான்.

"அன்ரி, சவாரி நிக்குது!"

"பிள்ளைகள் போனாப் பிறகு போ!"

கடைசி மாதங்களில் நடக்க ஏலாமல் கிடந்தபோதும், கரண்ட் போனால் படுக்கையிலிருந்தே கேட்பார்: "சந்தியில ஆர் நிக்கிறது?" அப்போது அங்கே நிற்க ஆளில்லை. அந்தக் கவலையோடுதான் அம்மா கண்மூடினார். அது எங்களை வாட்டியது.

இறுதி ஊர்வலம் புறப்பட்ட நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பள்ளிக்கூடம் விடும் நேரம் வேறு. நாங்கள் திகைத்து நிற்க, ஓட்டோத் தம்பி எங்கள் குசினிக்குள் ஓடிச் சுளகை எடுத்துக்கொண்டு நடுச்சந்தியில் போய் நின்றார். பஸ், லொறி எல்லாம் நின்றன. அம்மாவின் வண்டியையும் மறித்துவிட்டார்!

"அன்ரி கொஞ்சம் நிக்கட்டும். பிள்ளைகள் போனாப் பிறகு போவா."

அழுதுகொண்டிருந்த நாங்கள் சிரித்துவிட்டோம். கடைசிப் பிள்ளையும் கடந்த பிறகுதான் அம்மா போனார்.

அம்மாவை நோயில் பார்த்த வைத்தியருக்கும் தாதியருக்கும், செத்தவீட்டில் சமைத்துத் தந்த அயலவர்களுக்கும், கிண்ணியாவிலிருந்து வந்து பந்தல் போட்டுத் தந்த நண்பர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

ஓட்டோத் தம்பி, நீங்கள் திருப்பித் தர வந்த சுளகை நாங்கள் வாங்கவில்லை. அரிசி புடைக்க வேறொன்று இருக்கிறது. சந்தியில் யார் நிற்கிறார் என்று அம்மாவின் படத்துக்கு முன்னால் சொல்லிவிட்டோம்.

— மகள்