ஆற்றுப் பாடலுக்குப் பூஜ்யம்

மலையிலிருந்து சந்தனத்தையும் பொன்னையும் பூவையும் அடித்துக்கொண்டு வயலுக்கு இறங்கும் ஓர் ஆறு. பதினொன்றாம் வகுப்பில் நான் நடத்திய பழைய காப்பியப் பாடல் அதைப் பற்றியது. ஆறு வளத்தின் குறியீடு என்று நோட்ஸில் இருக்கும். வருடா வருடம் பிள்ளைகள் அதையே ஒப்பிப்பார்கள். எனக்குச் சலித்துப்போயிருந்தது. "உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

முடிச்சூரிலிருந்து வரும் ஒரு மாணவி எழுந்தாள். "மிஸ், வெள்ளத்துல எங்க ஃப்ரிட்ஜ் தெரு முனை வரைக்கும் மிதந்து போச்சு. வயலுக்கு ஆறு குடுக்குது, சரி. மலைகிட்ட கேக்காமத்தானே எடுத்துட்டு வருது?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிலிர்த்தது. பாதிப் பாடல் ஆறு எதையெதை எடுத்தது என்றுதான் பேசுகிறது. இத்தனை நாள் அது என் கண்ணில் படவே இல்லை. "இதையே பரீட்சையில எழுது. மார்க் உண்டு" என்றேன்.

சொன்னதோடு விட்டுவிடவில்லை. எங்கள் பள்ளியில் ஒரு பிரிவின் தாளை இன்னொரு பிரிவின் ஆசிரியர்தான் திருத்துவார். என் பிரிவுக்கு மூத்த தமிழாசிரியை. தாம்பரம் ஸ்டேஷனிலிருந்து தினமும் ஒரே ஷேர் ஆட்டோவில் வருவோம். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பரீட்சைக்கு முன்பே அவரிடம் கேட்டேன். "தாராளமா எழுதட்டும்மா. விடைக்குறிப்புல ஒரு வரி சேத்துடறேன்" என்றார்.

அரையாண்டுத் தாள் வந்தது. அந்தக் கேள்விக்கு அவளுக்கு ஐந்துக்குப் பூஜ்யம். விடைக்குறிப்பில் அந்த வரியே இல்லை. மாணவியின் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியரிடம் போனார். என்னையும் அக்காவையும் கூப்பிட்டார்கள்.

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் அப்பவே சொன்னேன் சார், நோட்ஸைத் தாண்டி நடத்தாதேன்னு. கேக்கல."

'நீங்கதானே சரின்னீங்க' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் தற்காலிக ஆசிரியை. "இனிமே பாத்துக்கறேன் சார்" என்றேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆட்டோவில் அக்கா நகர்ந்து இடம் கொடுத்தார். "மனசுல வெச்சுக்காதம்மா" என்றார். நான் உட்காரவில்லை, அடுத்த ஆட்டோவில் வந்தேன். என் வீரமெல்லாம் அவ்வளவுதான்.

ஜனவரியில் வேறொரு பாடல். அதில் ஒரு விளக்கு வருகிறது. வேண்டுமென்றே அவளைத்தான் எழுப்பினேன். "இந்த விளக்கு எதைக் காட்டுதுன்னு உனக்குத் தோணுது?"

அவள் பேனாவைத் திறந்து நோட்டின் மேல் வைத்துக்கொண்டாள். "நீங்களே சொல்லுங்க மிஸ், எழுதிக்கறேன்."