ஏழுமலையின் மாங்காய் ஏன் புளிக்கவில்லை?

ஊறுகாய்க்கு வரும் மாங்காயின் புளிப்பைச் சோதிப்பது என் வேலை. புளிப்பு குறைந்தால் ஜாடியில் பூஞ்சை பிடிக்கும் என்பதால், கூடையைத் திருப்பி அனுப்பும் பாவமும் என்னுடையதுதான். மாங்காய்க் கீற்றைக் கடித்துவிட்டு, பல் கூசி, இட்லிகூட மெல்ல முடியாமல் தவித்த வாசகர்களே, உங்களுக்கு என் நிலை புரியும்.

வேருக்குப் புளி

அனுமந்தை கிராமத்து ஏழுமலை உப்பளத்தில் வேலை செய்பவர். போன வருடம் அவர் கூடை திரும்பிப் போனது. அடுத்த வீட்டுப் பங்காளி தனசேகரின் கூடை உள்ளே வந்தது. இந்த வருடம் விடுவதில்லை என்று, மரத்தின் வேருக்குப் புளி கரைத்து ஊற்றியிருக்கிறார். கடித்துப் பார்த்தேன். கூசவே இல்லை.

புளிப்பு வேர் வழியாக ஏறுவதில்லை, இலை அனுப்பும் சர்க்கரையிலிருந்து காய்தான் அதைச் செய்து சதைக்குள் சேர்த்துக்கொள்கிறது என்று விளக்கினேன். ஏழுமலை தலையாட்டினார். பின்னால் நின்ற அவர் மனைவி கஸ்தூரி சொன்னார்: "ஒரு மாசமா வீட்ல ரசம் இல்லீங்க."

டிகிரி

என் நாக்கை ஏழுமலை நம்பவில்லை. மறுவாரம், பாத்தி நீரில் உப்பு எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது என்று பார்க்கும் கண்ணாடிக் குழாயைக் கொண்டுவந்து மாங்காய்ச் சாற்றில் மிதக்கவிட்டார். அது சர்க்கரைக்கும் மிதக்கும், புளிப்பைத் தனியாகக் காட்டாது என்றேன்.

பிறகு என் முறையைக் காட்டினேன். சாற்றில் நிறங்காட்டி கலந்து, காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சாறு ரோஸ் நிறமாக எத்தனை சொட்டு பிடிக்கிறதோ, அத்தனை புளிப்பு. அவருடைய சாறு சீக்கிரமே ரோஸாகிவிட்டது. "அத வுடுங்க சார், பங்காளிக்கு எத்தினி சொட்டு?"

பொறுமை

இரண்டு மரமும் ஒரே தாய்மரத்தின் ஒட்டுக்கன்றுகள். ஒரே மணல், ஒரே கிணறு. நேரில் போய்ப் பார்த்தேன். தனசேகர் அணிலுக்குப் பயந்து முன்பே பறித்துவிட்டார். ஏழுமலையோ காய் நன்றாகப் பருக்கட்டும் என்று மூன்று வாரம் கூடுதலாக விட்டிருந்தார்.

வளரும்போது காயில் புளிப்பு ஏறும். கொட்டை இறுகி, காய் முற்றத் தொடங்கியதும், சேர்த்த புளிப்பை அதுவே செலவழித்துவிடும். வெக்கை அதிகமானால் இன்னும் வேகமாக. இதைச் சொன்னதும் ஏழுமலை முகம் தொங்கிப்போனது. "அப்போ, பொறுமையா இருந்ததுதான் தப்புன்றீங்களா?"

கடைசிக் கூடை

ஒரே ஒரு கிளை தாமதமாகப் பூத்திருந்தது. அதில் ஒரு கூடை தேறும். அதுவும் திரும்பினால் இந்த வருடமும் தோல்விதான். கொட்டை இறுகும் முன்பே பறித்து, மனைவியோடு வந்து நின்றார்.

கத்தி கொட்டையையும் சேர்த்து எளிதாக வெட்டியது. கடித்தேன், காதுவரை கூசியது. சொட்டு விட்டேன். ஊறுகாய்க்குத் தேவையான குறைந்தபட்சச் சொட்டு எல்லையைச் சாறு நிறம் மாறாமல் தாண்டிப் போய், அதன் பிறகே ரோஸானது. "எடுத்துக்கொள்கிறோம்" என்றேன். கஸ்தூரி கும்பிட்டார். ஏழுமலை மட்டும் என் நோட்டை எட்டிப் பார்த்தார். தனசேகருக்கு இரண்டு சொட்டு அதிகம். குரலைத் தாழ்த்திக்கொண்டார்: "கையோட இன்னும் மூணு சொட்டு வுட்ருங்க சார், அவன தாண்டிக்கலாம்."

முற்ற முற்றப் புளிப்பு குறைவது மாங்காயில்தான். பங்காளிக் காய்ச்சலில் அப்படிக் குறைந்து நான் இதுவரை பார்த்ததில்லை.